கால்வாய் பங்களாவும் பின்னால் போன மலையும்

1

இந்த அக்டோபரோடு நான் கிளாஸ்கோ வந்து பதினான்கு வருஷம் ஆகிறது. அந்தத் தேதியில் வருஷந்தோறும் ஒரு ரவா கேசரி கிளறுவேன். என் கணவர் எதற்கென்று கேட்காமல் சாப்பிடுவார். மகள் ஆவுடை எதற்கென்று கேட்டுவிட்டுச் சாப்பிட மாட்டாள். பள்ளிக்கூடத்தில் அவள் பெயரை 'ஆடி' என்று சுருக்கி, கார் பெயராக்கி வைத்திருக்கிறார்கள். அவளுக்கும் அது பிடித்துப்போய்விட்டது.

இந்த வருஷம் அன்று காலையில் கடும் மூடுபனி. இப்படி ஈரமும் இருட்டுமாய் விடிகிற நாளுக்கு இவர்கள் 'ட்ரீக்' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். வந்த புதிதில் பஸ் நிறுத்தத்தில் ஒரு கிழவர் என்னைப் பார்த்து "ட்ரீக்" என்றார். 'ட்ரிங்க்' என்று காதில் விழுந்தது. "வேண்டாம், நான் குடிப்பதில்லை" என்று சொல்லி இரண்டு அடி தள்ளி நின்றுகொண்டேன். பாவம், அவர் அதற்குப் பிறகு என்னிடம் வானிலையைப் பற்றிப் பேசவே இல்லை.

ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. என்னோடு வேலை பார்க்கும் மார்கரெட் அன்று பஸ் ஜன்னலைத் துடைத்துவிட்டு, "ஒன்றுமே தெரியவில்லை" என்று அலுத்துக்கொண்டாள். ஆற்றுக்கு அக்கரையில் ஒரு பழைய தானியக் கிடங்கு உண்டு. செங்கல் கட்டடம். அதன் முன்பக்கச் சுவர் மட்டும் கொஞ்சம் அழுத்தமாகத் தெரிந்தது. அதற்குப் பின்னால் கப்பல் துறையின் பாரந்தூக்கிகள் மூன்று நின்றன. ஒன்றைவிட ஒன்று வெளிறி, மூன்றாவது கிட்டத்தட்ட நினைப்பு மாதிரி இருந்தது.

"எனக்கு எல்லாம் தெரிகிறது. எது எதற்குப் பின்னால் இருக்கிறது என்பதுகூட" என்றேன். மார்கரெட் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

அப்படிப் பார்க்க எனக்குத் தெரிந்தது என் மைனியால். அவள் கதையை ஊர்க்காரர்களுக்கு எழுத வேண்டும் என்று பஸ்ஸிலேயே முடிவு செய்தேன்.

2

மைனி என்றால் என் அண்ணன் மனைவி. பெயர் சிவகாமி. அண்ணன் கூட்டுறவுச் சங்கத்தில் குமாஸ்தா. வீடு அம்பாசமுத்திரத்தில். மைனி அங்கே ஒரு பெண்கள் பள்ளியில் ஓவிய ஆசிரியை. பொம்பளைப் பிள்ளைகளுக்குக் கோலம் போடத் தெரியாதா, இதற்கொரு டீச்சரா என்று ஊரில் கேட்டவர்கள் உண்டு. வருஷா வருஷம் மாவட்டப் போட்டியில் அவளிடம் படித்த பிள்ளைகள் பரிசு வாங்கி வருவார்கள்.

தொண்ணூற்று ஐந்தில் ஒரு நாள் அவள் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகையில், வேலிக்கு முள் ஏற்றிக்கொண்டு வந்த வண்டி சந்து முனையில் திரும்பியது. உடைமுள் கிளை ஒன்று விசிறி வலது கண்ணில் அடித்துவிட்டது. மைனி குழாயடியில் கண்ணைக் கழுவிவிட்டு வகுப்புக்குப் போயிருக்கிறாள். அன்று ஏழாம் வகுப்புக்குப் பரீட்சையாம். திருநெல்வேலிக்குப் போனது மூன்றாம் நாள். "முந்தியே வந்திருக்கணும்மா" என்றாராம் டாக்டர். கண் பார்க்க அப்படியே இருந்தது. பார்வை மட்டும் போய்விட்டது.

ஒற்றைக் கண் என்றால் பாதி உலகம் தெரியாது என்று நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. உலகம் தெரிகிறது, அதன் ஆழம்தான் தெரிவதில்லை. டம்ளருக்கு ஒரு விரல் தள்ளிக் காபியை ஊற்றிவிடுவாள். கடைசிப் படியில் இறங்கிவிட்டோம் என்று நினைத்துக் காலை வீசுவாள், இன்னும் ஒரு படி இருக்கும். பூக்கட்டும்போது நார் இருக்கும் இடத்தில் கை இருக்காது.

விடுப்பு முடிந்து பள்ளிக்கூடம் போனவளிடம் தகுதிச் சான்று கேட்டார்கள். அந்தக் காகிதம் மேசை மேசையாக எட்டு மாதம் நடந்தது. கடைசியில் வந்த சான்றில் 'பணி செய்யலாம். ஆழம் உணரும் பார்வை இல்லை' என்று இரண்டு வரி. முதல் வரியைப் படித்தவர்கள் சேர்த்துக்கொள்ளலாம் என்றார்கள். இரண்டாவதைப் படித்தவர்கள் எப்படி என்றார்கள்.

பள்ளிச் செயலர் அண்ணாச்சி கெட்டவர் இல்லை. வீட்டுக்கே வந்து உட்கார்ந்து கேட்டிருக்கிறார்: "டீச்சர், தப்பா எடுத்துக்காதிய. காட்சி ஓவியம் பாடத்துல இருக்கு. மலை தூரத்துல, மரம் கிட்டத்துலன்னு சொல்லிக் குடுக்கணும்லா? அந்தத் தூரமே ஒங்களுக்குத் தெரியலன்னா என்ன செய்ய? லைப்ரரிக்கு மாத்திருதேன். சம்பளம் கொறயாது."

மைனி உள்ளே போய், காபி கொண்டு வந்து, சிந்தாமல் அவர் முன் வைத்துவிட்டுச் சொல்லியிருக்கிறாள்: "பரீட்சை வச்சுப் பாருங்க அண்ணாச்சி. தோத்தா நானே லைப்ரரிக்குப் போறேன்."

அப்படித்தான் அது முடிவாயிற்று. ஓவிய ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் திருநெல்வேலியிலிருந்து வருவார். அவர் முன்னால் அவள் ஒரு காட்சியை நேரில் பார்த்து வரைய வேண்டும். பழைய கட்டடம் ஒன்று, பின்னால் தூரம் தெரிகிற நிலம். அந்தத் தூரம் தாளில் வந்தால் வகுப்பு, வராவிட்டால் நூலகம்.

அண்ணன் எனக்குக் கடிதம் எழுதினான். அவன் கடிதம் எப்போதும் நாலு வரிதான். இதில் ஐந்தாவதாக ஒரு வரி இருந்தது: 'நீ வந்தால் அவளுக்குத் தெம்பாக இருக்கும்.'

3

விடுப்புக்கு எழுதிக் கொடுத்தபோது, காரணம் என்ற இடத்தில் 'என் அண்ணன் மனைவிக்குப் பரீட்சை' என்று எழுதினேன். அலுவலகப் பெண் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "அந்தப் பிள்ளைக்கு என்ன வயது?" என்று கேட்டாள்.

"நாற்பத்து மூன்று."

அவள் அதையும் ஓரத்தில் குறித்துக்கொண்டாள். எந்தக் கட்டத்துக்குள்ளும் அடங்காததால் என் விண்ணப்பம் மூன்று முறை திரும்பி வந்தது. நாலாவது முறை 'குடும்ப விஷயம்' என்று எழுதினேன். உடனே கிடைத்தது. கணவருக்கு விடுப்பு இல்லை. நானும் ஆவுடையும் மார்கழி பிறக்கும்போது அம்பாசமுத்திரம் போய்ச் சேர்ந்தோம். அவளுக்கு அப்போது பதினொரு வயது. தமிழ் புரியும், பேச வாய் வராது. வந்த முதல் நாள் முழுக்கக் கொசுவையும் ஒலிபெருக்கியையும் குறை சொன்னாள்.

மைனியைப் பார்த்தால் பரீட்சைக்குப் பயந்தவளாகத் தெரியவில்லை. தினமும் விடியும் முன் கிளம்பி ஆற்றங்கரைக்குப் போகிறாள் என்றான் அண்ணன். மறுநாள் நானும் கூடப் போனேன். கையைப் பிடித்துக் கூட்டிப் போகலாம் என்ற எண்ணம். படித்துறையில் கை நீட்டினேன். "வேண்டாம், கோமு. பைய வாரேன்" என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு படியையும் கால் விரலால் தடவிப் பார்த்து இறங்கினாள்.

அணைக்கட்டுப் பக்கம் ஒரு கால்வாய் பங்களா இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் மதகு பார்க்க வரும் அதிகாரிகள் தங்குவதற்காகக் கட்டியது. முன்னால் நாலு தூண், ஓட்டுக் கூரை, பாசி படிந்து கருத்த காரைச் சுவர். ஒரு ஜன்னல் கதவு ஒற்றைக் கீலில் தொங்கும். கூரை மூலையில் அரசங்கன்று முளைத்திருக்கும். அதற்குப் பின்னால் வயல். வயலுக்கு அப்பால் பனைவரிசை. அப்புறம் சின்னக் குன்றுகள், கடைசியில் மாஞ்சோலை மலையும் பொதிகையும். சிறு வயதில் நூறு தடவை அந்த வழியே குளிக்கப் போயிருக்கிறேன். ஒரு தடவையாவது நின்று பார்த்ததாக ஞாபகம் இல்லை.

அன்று ஆற்றின் மேல் பனி ஆவி மாதிரி எழும்பிக்கொண்டிருந்தது. மைனி பலகையில் தாளைப் பொருத்தி, ஈரத்துணியால் ஒற்றினாள்.

"கொஞ்சம் பொறுங்க மைனி. பனி கலையட்டும். ஒண்ணும் தெரியலயே" என்றேன்.

"கலைஞ்சா எனக்குத்தான் ஒண்ணும் தெரியாது. இப்பந்தான் தெரியுது."

எனக்குப் புரியவில்லை. அவள் தூரிகைக் காம்பால் காட்டினாள். "அந்தத் தூண் கருப்பாத் தெரியுதா? பனைமரத்தப் பாரு, சாம்பலு. குன்னு அதவிட வெளுப்பு. மலை நீலமாக்கூட இல்ல, நீலத்தக் கழுவின தண்ணி மாதிரி இருக்கு. தூரம் போகப் போகக் காத்து மேல மேல திரை போடுது. எத்தன திரைன்னு எண்ணினாத் தூரம் கெடச்சுப்போவும். வெயில் வந்தா மலையும் பங்களாவும் சுவத்துல ஒட்டின போஸ்டர் மாதிரி ஒண்ணாயிரும்."

கொஞ்ச நேரம் கழித்து, யாரிடமோ சொல்வது போலச் சொன்னாள்: "ரெண்டு கண்ணு இருக்கயில நான் தூரத்தப் பாத்ததே இல்ல கோமு. அது தானாத் தெரிஞ்சிது. தெரியுறத யாரு பாப்பா?"

அவள் வரைவதைப் பார்ப்பது ஒரு பாடாக இருந்தது. தூரிகை தாளைத் தொடும் இடம் அவளுக்குத் தெரியாது. ஒன்று காற்றில் நிற்கும், இல்லையென்றால் எதிர்பாராமல் மோதிச் சொட்டிவிடும். அதனால் சுண்டுவிரலைத் தாளில் ஊன்றி, அந்த உயரத்தை வைத்து மற்ற விரல்களை இறக்குவாள். விரலடியில் வண்ணம் தேய்ந்துபோகாமலிருக்க, தூரத்தில் தொடங்கிக் கிட்டே வருவாள். முதலில் மலை, நிறையத் தண்ணீரில் ஒரு சொட்டு நீலம். அது காய்ந்த பிறகு குன்று, பிறகு பனை. கடைசியில்தான் பங்களா ஓட்டின் செங்காவியும் வாசல் இருட்டும். "கருப்ப எல்லாத்துக்கும் பங்கு வச்சுட்டா, கிட்ட இருக்கதுக்கு என்னத்தக் குடுக்க?" என்பாள்.

பழைய படங்களையும் காட்டினாள். முதல் மாதத்துப் படங்களில் பொதிகைமலை பங்களாக் கூரையின் மேல் விறகுக்கட்டு மாதிரி உட்கார்ந்திருந்தது. அவற்றைக் கிழிக்காமல் தேதி போட்டு அடுக்கி வைத்திருந்தாள். ஆவுடை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, இரக்கமே இல்லாமல், "மலை கீழே விழும்" என்றாள். மைனி விழுந்து விழுந்து சிரித்தாள்.

4

பரீட்சை காலை ஆறரைக்கு என்று பேச்சு. பரீட்சையாளர் அருணாசலம் சாரின் பஸ் வழியில் நின்றுவிட்டது. அவரும் செயலர் அண்ணாச்சியும் ஆற்றங்கரைக்கு வந்தபோது மணி பதினொன்று. முந்தின நாள் மழை பெய்து தூசியெல்லாம் கழுவிப் போயிருந்தது. பனியின் சுவடே இல்லை. மலையில் ஒவ்வொரு பாறையும் மரமும் எண்ணிவிடலாம் போல அத்தனை துல்லியம். எட்டிக் கையை வைத்தால் தொட்டுவிடலாம் என்று எனக்கே தோன்றியது.

"நல்ல வெளிச்சம். டீச்சருக்கு வசதிதான்" என்றார் செயலர் அண்ணாச்சி.

மைனியின் முகத்தைப் பார்த்தேன். அவள் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரைப் பார்ப்பது போல.

அருணாசலம் சார் மெலிந்த மனிதர், கறார் பேர்வழி. அவள் வழக்கமாக உட்காரும் இடத்தை வேண்டாம் என்றுவிட்டார். "மனப்பாடம் பண்ணிருப்பிய. மதகுக்கு அந்தப் பக்கம் வாங்க" என்று வேறொரு வரப்பைக் காட்டினார். அங்கிருந்து பார்த்தால் பங்களாவின் முன்படிகள் மூன்றும் மூக்கின் முன்னால் நின்றன.

மைனி பலகையைக் கீழே வைத்தாள். வரையத் தொடங்கவில்லை. விறுவிறுவென்று பங்களாவை நோக்கி நடந்தாள். தூணைத் தொட்டாள். சுவரோரமாக வளைந்து பின்பக்கம் போய், வயல் வரப்பில் நடந்து பனைவரிசை வரை போனாள்.

"டீச்சர், நேரம் போகுது!" என்று கத்தினார் அண்ணாச்சி.

"போகட்டும் அண்ணாச்சி! காலால அளந்துட்டு வாரேன்!"

திரும்பி வந்து வரப்பில் உட்கார்ந்தவள், அடுத்துச் செய்ததுதான் எல்லோரையும் திகைக்க வைத்தது. தலையை இடமும் வலமுமாக மெல்ல ஆட்ட ஆரம்பித்தாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள். படித்துறையில் துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் துணியை விட்டுவிட்டு நிமிர்ந்தார்கள். "ஏளா, டீச்சருக்கு அருள் வந்துட்டு போலுக்கே!" என்று ஒருத்தி சொல்ல, சிரிப்பு எழுந்தது. எனக்கு அவமானமாக இருந்தது. எழுந்து போய் அவளை நிறுத்திவிடலாமா என்றுகூட நினைத்தேன். அப்படி நினைத்ததை இன்று எழுதவும் வெட்கமாக இருக்கிறது.

ஆவுடைதான் என் பக்கத்தில் உட்கார்ந்து, வலது கண்ணை மூடிக்கொண்டு, தலையை ஆட்டிப் பார்த்தாள். "அம்மா, டூ இட்" என்றாள். நானும் செய்தேன். தூண் இங்குமங்கும் ஓடியது. பனைகள் சோம்பலாக அசைந்தன. மலை நின்ற இடத்திலேயே நின்றது. கிட்டத்தில் இருப்பது அதிகம் நகர்கிறது, தூரத்தில் இருப்பது நகரவில்லை. பனி இல்லாத நாளில் மைனி தூரத்தைக் கழுத்தால் பிரித்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் தாளை நனைத்தாள். வெயிலில் தாள் சட்டென்று காய்ந்தது. பின்பக்கமும் நனைத்தாள். சுண்டுவிரலை ஊன்றி மலையைத் தொடங்கினாள். பாறையும் மரமும் எண்ணும்படி தெரிந்த மலைக்கு, வெளிறிய நீலம் ஒரு வீச்சு, அவ்வளவுதான். குன்றுக்கு அதைவிடக் கொஞ்சம். கூரை விளிம்பு வரைகையில் தூரிகை முந்தி மோதி, செங்காவி ஒரு சொட்டு மலையடிவாரத்தில் விழுந்தது. அவள் உலர்ந்த துணியால் அதை ஒற்றி எடுத்துவிட்டு, விட்ட இடத்தில் தொடர்ந்தாள்.

இரண்டு மணி நேரம் ஆயிற்று. வாசலுக்குள் கடைசிக் கருப்பை வைத்துவிட்டுப் பலகையை நிமிர்த்தினாள்.

நாங்கள் யாரும் வாய் திறப்பதற்கு முன், ஆவுடை எழுந்து நின்று, ஊருக்கு வந்ததிலிருந்து பேசியிராத அத்தனை சத்தமான தமிழில் கூவினாள்: "அத்தை! மலை பின்னால போயிடுச்சு!"

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. போய்த்தான் இருந்தது. பங்களா முன்னால் வெயிலில் நின்றது. அதன் முதுகுக்குப் பின்னால் வயல் விரிந்து, பனை விலகி, மலை எங்கோ தொலைவில் இருந்தது. அந்த இடைவெளியில் நடந்து போகலாம் போலிருந்தது.

அருணாசலம் சார் குனிந்து பார்த்தார். "இன்னிக்குப் பனி எங்கம்மா இருக்கு? இல்லாத பனிய வரைஞ்சிருக்கிய."

"பனி இல்லய்யா. காத்து" என்றாள் மைனி. "பனி போனாலும் காத்து அங்கனதான நிக்கி? இந்தப் படிக்கு முன்னால ஒரு முழம் காத்து. அந்த மலைக்கு முன்னால எத்தன மைலு காத்து! அத வரையாம மலைய எப்படி வரைய?"

அவர் இடது கையால் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு மலையைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். மறுபடி மலையைப் பார்த்தார். துவைக்கிற பெண்கள் அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

"படிக்கட்டு கோணலா இருக்கும்மா" என்றார் கடைசியில்.

"ஆமாய்யா. ரொம்பக் கிட்டன்னா எனக்குத் தப்பும்."

அவர் அங்கேயே வரப்பில் உட்கார்ந்து அறிக்கை எழுதி, எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார்: 'அருகில் உள்ள படிகள் பிழை. தூரம் பிழையின்றி வந்துள்ளது. படியை எந்த ஆசிரியரும் சொல்லிக்கொடுக்கலாம். தூரத்தைச் சொல்லிக்கொடுக்க இவரே தொடர வேண்டும்.'

செயலர் அண்ணாச்சி மூக்கை உறிஞ்சினார். "அந்தப் படிய வேணும்னா நானே வந்து ஸ்கேல் வச்சுப் போட்டுத் தாரேன் டீச்சர்" என்றார்.

5

பொங்கலுக்கு முந்தின நாள் பள்ளிக்கூடத்து உத்தரவு வந்தது. மைனி அதைப் படித்துவிட்டு டப்பாவில் போட்டு வைத்துவிட்டு, ஐந்தாம் வகுப்புக்கு வண்ணப் பென்சில் போதாது என்று கவலைப்பட ஆரம்பித்தாள்.

புலம்பெயர்ந்தவர்கள் ஊருக்குப் போனால், அங்கே இருப்பவர்களைக் கொஞ்சம் பரிதாபமாகவே பார்க்கப் பழகிவிடுகிறோம். நானும் ஒரு கண்ணிழந்த பெண்ணுக்குத் தெம்பு கொடுக்கத்தான் போயிருந்தேன். கொடுத்ததாக ஒன்றும் ஞாபகம் இல்லை. அவள் தூரிகை கழுவும் தண்ணீர்க் குவளையை இரண்டு தடவை மாற்றி வைத்தேன்.

கிளம்புகிற அன்று அம்பாசமுத்திரம் ஸ்டேஷனில் ரயிலுக்கு நேரம் இருந்தது. அண்ணன் ஆவுடையோடு எடை பார்க்கும் எந்திரத்துப் பக்கம் நின்றான். நான் அதுவரை கேட்கத் தயங்கியதை மைனியிடம் கேட்டேன்.

"கண்ணு போனதுல ஒங்களுக்கு வருத்தமே இல்லயா மைனி?"

"இல்லாம இருக்குமா? இருக்கு" என்றாள் அவள் உடனே. "படம் வந்துட்டுங்கதுக்காக அது இல்லன்னு ஆயிருமா? வலது பக்கம் யாரு வந்தாலும் தெரியாது. திடுக்குன்னு இருக்கும். அழுதிருக்கேன்." பிறகு முகம் மாறிச் சிரித்தாள். "ஒங்க அண்ணன் கல்யாணம் ஆன நாளா எனக்குப் பத்தடி முன்னாலதான் நடப்பாவ. தெரியும்லா? இப்பம் எனக்குப் பயமா இருக்கு, இடது பக்கம் ஒட்டி வாங்கன்னு சொல்லிட்டேன். ஒட்டி நடந்தா என்ன செய்ய? பேசித்தான ஆகணும்! இருவது வருசத்துல சொல்லாத கதையெல்லாம் சொல்லுதாவ, கோமு. அவுகளுக்கு இவ்வளவு பேச்சு வரும்னு எனக்குத் தெரியவே தெரியாது."

ரயில் வந்தது. ஏறி உட்கார்ந்தோம். அண்ணன் ஜன்னலருகே வந்து "எழுது" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னான். வண்டி நகர்ந்தது. நான் தலையை வெளியே நீட்டிப் பார்த்தேன். இருவரும் பிளாட்பாரத்தில் வாசலை நோக்கித் திரும்பி நடந்துகொண்டிருந்தார்கள். அண்ணன் அவளுக்கு இடது பக்கம், தோள் உரசும் அளவுக்குக் கிட்டத்தில். இரண்டு கைகளையும் வீசி என்னவோ சொல்லிக்கொண்டே போனான். மைனி அவன் பக்கம் முகத்தைத் திருப்பிக் கேட்டுக்கொண்டே நடந்தாள்.